பரணில் கிடக்கும் ஏடு: புத்தியைத் திருப்பும் நூல் குறித்த அச்சம்

போடிநாயக்கனூரிலிருந்து முந்தலைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கப்பால் பூப்பாறை, மூணாறு, அடிமாலி, கோதமங்கலம், மூவாற்றுப்புழை. கொச்சி வரை போகும் இந்த 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மூவாற்றுப்புழைக்கு அப்பால் கடமட்டம் என்ற ஊர் வழியே செல்கிறது. பேய் பிசாசுகளை ஏவல் கொண்டவர் என்று கேரளம் முழுக்கக் கதை சொல்லப்படும் கடமட்டத்துக் கத்தனார் அந்த ஊர்த் தேவாலயத்துப் பாதிரியார். கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் 1934 வரை எட்டுத் தொகுதிகளாகக் கொண்டுவந்த ‘ஐதீகமாலை’யில் அவர் கதையும் இருக்கிறது. காட்டில் மலை அரையர்களிடம் சிக்கிய அவர், அவர்களின் தலைவரிடம் வித்தை கற்றுத் திரும்பினார் என்பது கதையின் ஆரம்பம். அந்தக் கதையில் வித்தை வாய்வழியாக வருகிறது. ஏடு என்ற பேச்சே இல்லை.

மலைக்கு இந்தப் பக்கம், தேனி மாவட்டத்துச் சமவெளியில், கதையின் நடுவே ஏடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. “அவுக பாட்டன் மலையாளத்துல போயி ஏடு வாங்கியாந்தாரு. அது வீட்டுக்குள்ள வந்த நாள்லருந்து ஒருத்தனும் தேறல.” போடி, தேவாரம், கோம்பை, கம்பம் என்று எங்கே கேட்டாலும் ஆள் பெயரும் தெருப் பெயரும்தான் மாறும். ஒரு பாட்டன், ஒரு கட்டு ஏடு, ராத்திரி பூஜை, பிறகு புத்தி பேதலித்து மலையில் திரிந்தது, கடைசியில் வீட்டுப் பெண்கள் ஏட்டைக் கொண்டுபோய் ஆற்றில் விட்டது என்று கதை ஒரே தடத்தில் ஓடும். வைத்திருப்பவனின் மனத்தைக் கெடுக்கும் நூல் என்ற நம்பிக்கையின் உள்ளூர் வடிவம் இதுதான். இந்த அச்சம் எங்கிருந்து வந்தது, அதில் உண்மை எவ்வளவு, அதனால் யாருக்கு என்ன நட்டம் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

உலகில் மற்ற இடங்களிலும் இது உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் சேம்பர்ஸ் 1895-இல் வெளியிட்ட கதைத் தொகுப்பில், வாசித்தவரைப் பித்தாக்கும் ஒரு நாடகநூல் வருகிறது. அதன் வழியில் லவ்கிராஃப்ட் 1920-களில் ‘நெக்ரோனோமிக்கான்’ என்ற இல்லாத நூலைக் கற்பனை செய்தார். வாசகர்கள் அதை நூலகங்களில் தேடினார்கள்; 1977-இல் அதே பெயரில் ஒரு நூலை அச்சடித்து விற்றும்விட்டார்கள். கற்பனை என்று ஒதுக்க முடியாத உதாரணம் ஜெர்மனியில் இருக்கிறது. மோசேயின் ஆறாம், ஏழாம் நூல்கள் என்ற பெயரில் 1849-இல் ஸ்டுட்கார்ட்டில் அச்சான மந்திர நூலைப் பற்றி அந்நாட்டுக் குடியானவர்களிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. வாசிப்பவன் அதற்குள் மாட்டிக்கொள்வான். வாசித்த வரிகளைக் கடைசியிலிருந்து முதல் வரை திருப்பி வாசித்தால்தான் விடுபட முடியும். 1956-இல் பிரவுன்ஷ்வைக் நகரில் அந்நூலின் பதிப்பகத்தின் மேல் வழக்கே நடந்தது. நம் நாட்டில் மராத்தியர்கள் ‘நீலாவந்தி’யைச் சொல்வார்கள். விலங்குகளின் மொழியைக் கற்றுத்தரும் நூலாம்; பாதியில் நிறுத்தியவனுக்குப் பித்துப் பிடிக்குமாம்.

தமிழர்களின் அச்சத்தில் முதல் அடுக்கு மந்திரத்தைப் பற்றியதே அல்ல. வீட்டில் பாரதத்தை முழுக்கப் படித்தால் குடும்பத்தில் சண்டை வரும் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. ஆனால் திரௌபதி அம்மன் கோயில்களில் நாள்கணக்காக ஊர்கூடிப் பாரதம் படிக்கிறார்கள், மழை வேண்டியும் படிக்கிறார்கள். கருட புராணத்தைச் சாவு விழுந்த வீட்டில் படிக்கலாம். மற்ற நாளில் எடுத்தால் வீட்டுக்கு ஆகாது. நூல் ஒன்றுதான், இடமும் வேளையும்தான் வேறு. பொதுவில் பலர் காதில் விழும்போது நன்மை செய்வதாக நம்பப்படும் நூல், ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கும்போது கெடுதல் செய்வதாக ஆகிவிடுகிறது. தனித்த வாசிப்பின் மேல் நம் சமூகத்துக்கு இருந்த பழைய சந்தேகம் இதில் தெரிகிறது. மௌன வாசிப்பு பெருவழக்கானது அச்சு வந்த பிறகுதான். அதற்கு முன் நூல் என்பது பெரும்பாலும் காதால் கேட்பது.

இரண்டாம் அடுக்கு குருவைப் பற்றியது. மந்திரம் குருமுகமாக வரவேண்டும், ஏட்டைப் பார்த்துத் தானாகச் செய்தால் அது செய்தவன் மேலேயே திரும்பும் என்பது மாந்திரீகர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது. வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகர்ஷணம், பேதனம், வித்வேஷணம், மாரணம் என்ற எட்டுக் கருமங்களைப் பேசும் நூல்களில் சாப நிவர்த்திக்கென்றே தனிப் பகுதி வரும். சித்தர் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்களிலும் தகுதியற்றவனிடம் இதைக் காட்டாதே, காட்டினால் கெடுவாய் என்ற மிரட்டல் திரும்பத் திரும்ப வருகிறது. இதைத் தொழில் ரகசியத்துக்குப் போட்ட பூட்டு என்று கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. வைத்தியமும் மந்திரமும் குடும்பச் சொத்தாக இருந்த காலத்தில், காப்புரிமைச் சட்டம் செய்யும் வேலையைச் சாபம் செய்தது. சுவீடன் நாட்டு மறைப்பணியாளரான கார்ல் குஸ்தாவ் டீல் 1956-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சடங்குகள் பற்றிய ஆய்வு நூலில் மந்திரவாதிகளையும் அவர்களின் நூல்களையும் ஒரு தொழிலுக்குரிய கருவிகளாகவே வைத்துப் பார்த்திருக்கிறார். அதுவே சரியான பார்வை என்பது என் எண்ணம்.

ஆனால் எல்லாம் பூட்டு மட்டும்தானா? இந்த நூல்கள் சொல்லும் முறையைக் கவனிக்க வேண்டும். ஒரு மண்டலம், அதாவது 48 நாள்; ஒருவேளை உணவு; நள்ளிரவில் ஜெபம்; யாரோடும் பேச்சில்லை; இடம் சுடுகாடு, ஆற்றங்கரை அல்லது பூட்டிய அறை. தூக்கத்தைக் கெடுத்து, வயிற்றைக் காயப்போட்டு, ஒரே சொல்லை ஆயிரக்கணக்கான முறை உருப்போட்டால் யாருக்கும் காதில் குரல் கேட்கும். தொடர்ந்த தூக்கமின்மை மட்டுமே மாயக்காட்சிகளை உண்டாக்கப் போதும். குரு பக்கத்தில் இருந்தால், சீடன் தடுமாறும்போது போதுமடா என்று எழுப்பிவிட ஒரு ஆளாவது இருக்கும். ஏட்டுக்கு அந்தக் கை கிடையாது. குருமுகம் வேண்டும் என்ற விதியில் தொழில் சுயநலமும் இருக்கிறது, அனுபவத்தில் வந்த எச்சரிக்கையும் இருக்கிறது.

இங்கே இன்னொன்றும் உண்டு. மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் தலைகாட்டும். நோய் வெளியே தெரிவதற்கு மாதங்களுக்கு முன்பே ஆள் ஒதுங்கத் தொடங்குவான். மறைபொருள், விதி, தெய்வக் கட்டளை ஆகியவற்றில் நாட்டம் கூடும். தாத்தாவின் ஏட்டுக்கட்டைப் பரணிலிருந்து இறக்குகிற பேரனின் வயதும் ஏறக்குறைய அதுவே. ஏட்டை எடுத்தான், புத்தி கெட்டது என்று ஊர் வரிசைப்படுத்துகிறது. புத்தி மாறத் தொடங்கியதால்தான் அவன் கை ஏட்டைத் தேடிப் போனது என்று வரிசையை மாற்றிப் பார்த்தால் பல கதைகள் விளங்கிவிடும்.

பலவற்றுக்கு அது போதும், எல்லாவற்றுக்கும் போதாது. நாற்பது ஐம்பது வயது வரை நல்ல புத்தியோடு தோட்டம் துரவு பார்த்த பெரிய மனிதர் ஏடு கைக்கு வந்த சில வருஷத்தில் நிலைகுலைந்து போனார் என்று வரும் கதைகளும் இருக்கின்றன. அவற்றை உற்றுக் கேட்டால் ஏட்டோடு வேறு சாமான்களும் தென்படும். கல்வம், குப்பி, மூசை, வறட்டி, உமி. அது மந்திர ஏடாக இருந்திருக்காது. வாத ஏடாக இருந்திருக்க வேண்டும். வாதம் என்றால் ரசவாதம், மலிந்த உலோகத்தைப் பொன்னாக்கும் வித்தை.

வாத நூல்கள் குழூஉக்குறியில் எழுதப்பட்டவை. சிவனையும் சக்தியையும் சேர் என்று எழுதியிருந்தால் அது வழிபாடு அல்ல. பாதரசத்தையும் கந்தகத்தையும் கல்வத்தில் இட்டு அரைக்கச் சொல்கிறது. அரைத்தால் கறுத்த மை போல் வரும். அதைக் குப்பியில் அடைத்து, வாயை மூடி, சீலைமண் பூசி, மணல் நிரப்பிய சட்டியில் புதைத்து எரித்தால் குப்பியின் கழுத்தில் சிவந்த செந்தூரம் படியும். முறையாகப் பயின்ற சித்த மருத்துவர் செங்கல் தூளிலும் மஞ்சளிலும் ரசத்தை அரைத்துச் சுத்தி செய்வதிலிருந்து சீலைமண்ணில் கீறல் விழாமல் பார்ப்பது வரை அறிந்து செய்வார். ஏட்டைப் பார்த்துத் தானாகச் செய்பவருக்கு அந்தக் கைப்பழக்கம் இல்லை. பாதரசம் 357 பாகை செல்சியஸில் கொதிக்கும். அறை வெப்பத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். ஒருவர் நீர்ம ரசத்தைத் தப்பித்தவறி விழுங்கினால் அதில் மிகப் பெரும்பகுதி குடல் வழியே அப்படியே வெளியேறிவிடும். ஆவியோ நுரையீரல் வழியே ரத்தத்தில் கலந்து மூளைக்குள் போகும். பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, ராத்திரியில் அடுப்பு மூட்டியவரின் கதியை நினைத்துப் பாருங்கள்.

பாதரச ஆவியை நெடுநாள் சுவாசித்தவர்களிடம் மருத்துவர்கள் காணும் அடையாளங்கள் இவை: தூக்கம் வராது, சின்ன விஷயத்துக்கும் சிடுசிடுப்பு, மனிதர்களைக் கண்டால் கூச்சம், யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள் என்ற பயம், மறதி, எழுத்துக் கோணும் அளவுக்குக் கைநடுக்கம், ஈறில் புண், வாயில் எச்சில் ஊறுதல். 19-ஆம் நூற்றாண்டில் ஃபெல்ட் தொப்பி செய்ய ரசக் கரைசலில் முயல்முடியைப் பதப்படுத்திய ஐரோப்பியத் தொழிலாளிகளுக்கு இதுவே வந்தது. நம் ஊர்க் கதையில் ஏட்டுக்காரருக்குச் சொல்லப்படும் கோலமும் ஏறக்குறைய இதே: ஆள் முகத்தைப் பார்க்க மாட்டார், ராத்திரியெல்லாம் நடமாட்டம், சுவரோடு பேசுவார், கை நடுங்கும். இறந்துபோனவர்களின் ரத்தத்தை இனிப் பரிசோதிக்க முடியாது. ஆகவே இதை என் ஊகமாகவே வைக்கிறேன். இதற்குத் துணையாக ஒரு பெரிய பெயரைச் சொல்லலாம். ஐசக் நியூட்டன் பல ஆண்டுகள் ரசவாதத்தில் ஈடுபட்டவர். பாதரசத்தை அறையில் வைத்துச் சுட்டவர். 1693-இல் அவர் மனம் கலங்கி, தூக்கமின்றி, நண்பர்களுக்குச் சந்தேகமும் கோபமும் நிறைந்த கடிதங்கள் எழுதினார். 1979-இல் அவருடையதாகக் காக்கப்பட்டு வந்த தலைமுடியைச் சோதித்தபோது அதில் பாதரசம் மிகுந்திருந்தது. அவருடைய கலக்கத்துக்கு அதுதான் காரணமா என்று இன்றும் வழக்காடுகிறார்கள்.

இவ்வளவு நாசம் கண்டும் ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்? ஏடு முழுப்பொய் சொல்வதில்லை என்பதுதான் காரணம். வெள்ளைப் பாஷாணத்தைச் சேர்த்து உருக்கினால் செம்பு நிஜமாகவே வெளுக்கும். பார்க்க வெள்ளிபோல இருக்கும். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை, பொன்னிறம். முதல் படியில் சொன்னது பலித்துவிட்டது, அடுத்த படியும் பலிக்கும் என்ற நம்பிக்கையில் நிலத்தை விற்றவர்கள் உண்டு. அந்தப் பாஷாணத்திலிருந்து எழும் ஆர்சனிக் புகை தன் பங்குக்கு நரம்பைக் கெடுக்கும். மூலிகைகளிலும் ஆபத்து உண்டு. ஊமத்தையில் உள்ள அட்ரோபின், ஸ்கோபோலமின் ஆகியவை வெறிபிடித்த பிதற்றலை உண்டாக்குபவை. மை கூட்டும் குறிப்புகளிலும் புகை போடும் குறிப்புகளிலும் ஊமத்தை சாதாரணமாக வரும். ஆக, புத்தியைக் கெடுக்கும் ஏடு என்ற பேச்சு மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் தள்ளத்தக்கதல்ல. கெடுப்பது எழுத்து அல்ல, எழுத்தின்படி அடுப்பில் ஏற்றிய சரக்கு.

இதில் வேடிக்கை ஒன்று இருக்கிறது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் முதல் அட்டவணையில் சித்த மருத்துவத்துக்கு ஆதார நூல்களாகப் போகர் 700, புலிப்பாணி 500 போன்றவை இடம்பெற்றிருக்கின்றன. ஊர் பயப்படும் சித்தர் பெயர்களைச் சட்டம் மரியாதையோடு ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதே சட்டத்தின் விதிகளில் இன்னொரு அட்டவணை, லிங்கம், பூரம், மனோசிலை, எட்டி, ஊமத்தை முதலியவற்றை நச்சுச் சரக்குகளாக வரிசைப்படுத்தி, அவை சேர்ந்த மருந்துகளின் மேல் எச்சரிக்கை அச்சிடச் சொல்கிறது. சித்தர் சாபத்தின் இடத்தில் இன்று அந்த எச்சரிக்கை வரி உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாம் அடுக்குதான் என் கணக்கில் முக்கியமானது. இந்தக் கதைகளில் ஏட்டால் கெட்டவர்களில் எத்தனை பேருக்கு ஏடு படிக்கத் தெரியும்? மிகச் சிலருக்கே. பெரும்பாலும் அது படிக்கத் தெரிந்த பாட்டன் விட்டுப்போய், படிக்கத் தெரியாத பேரன் கையில் வந்து சேர்ந்த ஏடு.

ஒரு சுவடிக்கட்டை அவிழ்த்துப் பாருங்கள். மஞ்சளோ சிவப்போ மங்கிப்போன துணி. மேலும் கீழும் இரண்டு மரச்சட்டம். துளை வழியே ஓடும் கயிறு. ஏடு ஒரு சாண் நீளமும் இருக்கும், ஒன்றரை முழமும் இருக்கும். அகலம் இரண்டு விரற்கடை. ஓரம் செல்லரித்து வலைபோல் ஆகியிருக்கும். எழுத்தாணிக் கீறல்களில் பூசிய கரி போய்விட்டதால் முதலில் எழுத்தே தெரியாது. சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் கண்ணில் படும். தெரிந்த பிறகு அடுத்த சோதனை. மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. குற்றெழுத்துக்கும் நெட்டெழுத்துக்கும் கொம்பில் வேறுபாடு இல்லை. ரகரமும் காலும் ஒன்றுபோல. சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. எண்ணுக்கும் எடைக்கும் அளவுக்கும் தனிக் குறிகள். பத்தாம் வகுப்பில் தமிழில் நூறு வாங்கிய பிள்ளையும் ஒரு வரி தாண்ட முடியாது. தமிழ் என்று தெரிகிறது, தன் பாட்டன் எழுதியது என்றும் தெரிகிறது, ஆனால் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. இது வீட்டில் உண்டாக்கும் கலவரம் சாதாரணமானதல்ல. இரண்டு தலைமுறை இடைவெளியில், பற்று வரவுக் கணக்கும் மாட்டு வாகடமும்கூட மாந்திரீக ஏடாக மாறிவிடுகின்றன. சரசுவதி பூசையன்று சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டு, மறுநாள் தொடாமல் மேலே ஏற்றிவிடுகிறார்கள். வீட்டில் மாடு செத்தால், மாப்பிள்ளை அமையாவிட்டால், பையன் பித்துப் பிடித்தாற்போல் உட்கார்ந்திருந்தால் எல்லோர் கண்ணும் பரணுக்குப் போகும்.

பரணுக்குப் போன கண் அடுத்து ஆற்றுக்குப் போகும். உ. வே. சாமிநாதையர் 1940 முதல் ‘ஆனந்த விகட’னில் எழுதிய தன் சரித்திரத்தில், கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுணராம பாண்டியர் சேர்த்திருந்த ஏடுகளைத் தேடிப் போன கதையைச் சொல்கிறார். பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது என்று சாத்திரம் காட்டி, நெய்யில் தோய்த்து ஹோமத்தீயில் இட்டுவிட்டதாக அவருக்குச் சொல்லப்பட்டது. ஆடிப் பதினெட்டில் ஏடுகளை ஆற்று வெள்ளத்தில் விடும் வழக்கத்தையும் அவர் நொந்து எழுதியிருக்கிறார். பழைய ஏட்டைப் பார்த்துப் புதியது எழுதிக்கொண்டு பழையதை நீரில் விடுவது ஒரு காலத்தில் ஒழுங்கான முறைதான்; பனை ஓலை நம் வெயிலிலும் ஈரத்திலும் இரண்டு மூன்று நூற்றாண்டே தாங்கும். பெயர்த்தெழுதும் பழக்கம் நின்றுபோனது, ஆற்றில் விடும் பழக்கம் மட்டும் நிலைத்தது. அதற்குத் தைரியம் கொடுத்தவற்றுள் இந்த அச்சமும் ஒன்று. குப்பை என்று எறிய மனம் வராது. சாபம் என்றால் உடனே வந்துவிடும். போடியில் கொட்டகுடி ஆறும் தேனியில் முல்லையாறும் வைகையும் கொண்டுபோனவற்றில் என்னென்ன இருந்தன என்று யாருக்கும் கணக்கில்லை. புத்தியைக் கெடுக்கும் நூல் உண்டா என்பதைவிட, அந்த நம்பிக்கை எத்தனை நூலைக் கெடுத்தது என்பதே எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது.

இந்த அச்சம் மலைச்சரிவில் ஏன் இவ்வளவு செழிக்கிறது? ஒரு காரணம் எல்லை. மந்திரம் எப்போதும் அடுத்த ஊர்க்காரனிடம் இருப்பதாகத்தான் மனிதர்கள் நம்புவார்கள். போடிக்காரருக்கு அது மலையாளம். கத்தனார் கதையிலோ மலையாளச் சமவெளிக்காரருக்கு அது மலை அரையர்களிடம் இருக்கிறது. இந்தச் சரிவுகளில் வாழும் முதுவர்கள் மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்து வந்ததாகத் தங்கள் வரலாற்றைச் சொல்பவர்கள். ஏடு அவர்கள் மரபில் இல்லை. கீழே இருந்து பார்ப்பவர்களுக்கு அவர்களும் மந்திரக்காரர்களாகத் தெரிந்தார்கள். அச்சம் மேல்நோக்கிக் கைகாட்டிக்கொண்டே போகிறது. உச்சியில் இருப்பவர்களிடம் ஏடே கிடையாது.

இன்னொரு காரணம் ஏலக்காய். போடியிலும் மலைக்கு அப்பால் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையங்களில் காய் விலை போகிறது. 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ உச்சமாக 7,000 ரூபாய் வரை போனது. 2022-இல் சராசரி ஆயிரத்துக்குக் கீழே கிடந்தது. மூன்று வருஷத்துக்குள் கோடீஸ்வரனும் கடன்காரனும் ஆகிவிடக்கூடிய தொழிலில் விதி, கண்ணேறு, செய்வினை என்ற பேச்சு வராமல் இருக்காது. ஏலச்செடிக்குக் கட்டே நோய் வந்தால் இளம் இலையில் வெளிர்க்கோடு விழுந்து தூர் குன்றும். அது அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ். நோய்ச்செடியைப் பிடுங்கி அழிப்பதைத் தவிர வழியில்லை. பக்கத்துத் தோட்டம் பச்சையாக நிற்க, தன் தோட்டம் மட்டும் மஞ்சளடித்தால் முதலாளி கோடங்கியிடம் போவார். கோடங்கி உடுக்கை அடித்து, தகடு புதைத்திருக்கு என்பார். தகட்டை எழுதியது யார்? ஏடு வைத்திருக்கும் வீடு எது? அங்கே பழைய பகை ஒன்று தயாராக இருக்கும்.

இப்படிச் செய்வினை என்று தீர்மானமான பிறகு மருத்துவருக்கு இடமில்லாமல் போவதுதான் கொடுமை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலம் குன்றியோரைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்த கொட்டகை தீப்பற்றி 28 பேர் எரிந்து போனார்கள். பேய், பில்லி என்று அங்கே கொண்டுவந்து விடப்பட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். உச்ச நீதிமன்றம் தலையிட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை வெளிப்படையாகவே தடைசெய்கிறது. சட்டம் சங்கிலியைத் தடுக்கும். ஏட்டால் வந்தது என்று குடும்பம் நம்புவதைத் தடுக்காது. பையன் தூங்காமல் தானே பேசிக்கொண்டிருந்தால் கோடங்கியிடம் போகும் காரில் வழியிலேயே தேனி மாவட்டத்துக் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வருகிறது. கோடங்கியை விடச் சொல்லவில்லை. அங்கேயும் இறங்கச் சொல்கிறேன்.

அச்சு வந்தபோது அச்சம் போயிருக்க வேண்டும். அட்ட கருமங்களும் ஜாலத் திரட்டுகளும் சாணித்தாளில் அச்சாகி, மதுரைப் புதுமண்டபக் கடைகளில் சமையல் குறிப்புகளுக்கும் கல்யாணப் பாட்டுகளுக்கும் பக்கத்திலேயே பலகாலம் விற்றன. பரணில் இருந்தால் குடும்பத்தைக் கெடுக்கும் அதே சங்கதியைச் சில ரூபாய்க்கு வாங்கிப் பேருந்தில் படித்துக்கொண்டு வந்தவர்கள் கெட்டதாகக் கதை குறைவு. இப்போது அவை பிடிஎஃப் ஆகிச் செல்பேசிக்கு வந்துவிட்டன. இங்கே ஆபத்து வேறு ரகம். பனையேட்டைப் படிக்க ஒரு பெரியவரைத் தேடிப் போக வேண்டியிருந்தது. பாதரசம் வாங்க நாட்டுமருந்துக் கடைக்காரரின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த இரண்டு ஆட்களும் இல்லாமல், தூங்காத பையனும் செல்பேசியும் மட்டும் ராத்திரி இரண்டு மணிக்குத் தனியே இருக்கிறார்கள்.

நம் மரபே இதற்கு நேரெதிரான ஒரு கதையையும் வைத்திருக்கிறது. கற்ற வித்தையை யாருக்கும் சொல்லித்தராமல் செத்த பண்டிதன் பிரம்மராட்சசன் ஆகி மரத்தில் தொங்குவான் என்பார்கள். அங்கே கெடுதல் வருவது படித்ததால் அல்ல, பூட்டிவைத்ததால். ‘கதாசரித்சாகரம்’ சொல்லும் குணாட்டியர் கதையில், பைசாச மொழியில் ரத்தத்தால் எழுதிய பெருநூலை அரசன் ஏற்க மறுக்கிறான். அவர் ஏடு ஏடாகப் படித்துத் தீயில் போடுகிறார். காட்டு விலங்குகள் இரை மறந்து நின்று கேட்கின்றன. அரசன் வந்து காப்பாற்றியது கடைசிப் பகுதியை மட்டும். பிசாசு மொழி, ரத்தம் என்று அச்சுறுத்தும் சாமான் எல்லாம் இருந்தும் அந்த நூல் யாரையும் கெடுக்கவில்லை. அதன் வழிவந்ததுதான் கொங்குவேளிரின் ‘பெருங்கதை’. சாமிநாதையர் அதை 1924-இல் பதிப்பித்தார், அதுவும் முன்னும் பின்னும் சிதைந்த ஏட்டிலிருந்து.

பரணில் கட்டு வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியது அதிகமில்லை. ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், வெயிலில் காய வைக்க வேண்டாம், கயிறு இறுகியிருந்தால் இழுக்க வேண்டாம். சென்னையில் 1869 முதல் இயங்கும் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம், தஞ்சை சரசுவதி மகால், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஆகிய இடங்களில் ஏட்டை மென்தூரிகையால் தூசி தட்டி, எலுமிச்சம்புல் எண்ணெய் பூசிப் பதப்படுத்துகிறார்கள். அந்தப் புல்தைலம் இடுக்கி மலைகளில் முதுவர்கள் நெடுங்காலமாகக் காய்ச்சிவந்த சரக்கு. ஒவ்வொரு ஏட்டையும் இருபுறமும் படமெடுத்துப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டால், பாதிக் கட்டுகளின் சாபம் அன்றைக்கே தீர்ந்துவிடும்; நிலக்குத்தகைக் கணக்குக்கு யாரும் பயப்பட மாட்டார்கள். கட்டோடு மூடிய குப்பியோ, உருளும் வெள்ளி நீரோ, மஞ்சள், சிவப்புக் கட்டிகளோ கிடைத்தால் அது வேறு விஷயம். முகர்ந்து பார்க்கக் கூடாது, சூடுபடுத்தக் கூடாது, சாக்கடையில் கொட்டக் கூடாது. அப்படியே இன்னொரு மூடியுள்ள பாத்திரத்தில் வைத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் ஒதுக்கிவிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு ஒப்படைக்க வேண்டும்.